திரைக்கு எட்டாத கோப்பு

ரத்த வங்கியில் குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. ‘கோப்பு இல்லை’ என்கிறது திரை. கொடையாளர் கோப்போ ஃபோல்டரில் குத்துக்கல்லாட்டம் கிடக்கிறது. நர்ஸ் போனைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மறுமுனையில் ஆபரேஷன் அறை காத்திருக்கிறது. “உங்க வீட்ல இந்தப் புரோகிராம் நல்லாத்தானே ஓடுச்சு?” என்று கணினி முன் இருக்கும் புரோகிராமரைக் கேட்கிறாள். “அங்க புரோகிராம் இருக்குற ஃபோல்டர்லேர்ந்தே ஓட்டினேன்க்கா. இங்க டெஸ்க்டாப்லேர்ந்து ஓட்டுறோம். அது ஃபைலையும் டெஸ்க்டாப்லயே தேடுது.” தன் மடத்தனத்தை நொந்துகொள்கிறான் புரோகிராமர். எங்கிருந்து ஓட்டினாலும், புரோகிராம் தான் இருக்கும் இடத்திலிருந்தே தேடும்படி ஒரு வரியைத் திருத்துகிறான். பட்டியல் விரிகிறது. ஆபரேஷனுக்கு வேண்டிய அரிய ரத்த வகைக்கு ஒரே ஒரு போன் எண். நர்ஸ் இன்னொரு போனில் அந்த எண்ணை அழைக்கிறாள். மணி அவன் சட்டைப்பையில் அடிக்கிறது. சோதித்துப் பார்க்க முதல் கொடையாளராகத் தன்னையே பதிந்திருந்தான். என்ன வகை ரத்தம் வேண்டும் என்று அவன் இதுவரை கேட்கவே இல்லை. நர்ஸ் போனை வைக்கிறாள். “சட்டைக் கைய மடிங்க தம்பி.”