இதையும் மேற்கோள் காட்டவும்

"இருபத்து மூணு தடவை, மேடம். ஒண்ணு ரெண்டு இல்ல."

ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியர் கையோடு கொண்டுவந்த தாள்களை ஆய்வு நிலைய இயக்குநரின் மேஜையில் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே வரிக்கு மஞ்சள் கோடு.

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முப்பத்தோரு வருடமாக உயிர்ச் செல்களோடு குடித்தனம் நடத்துகிறவர் என்பதால், ஆய்வகத்தில் அவருக்குச் செல்லம்மா என்று பெயர். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. அதற்குள் வாழ்நாள் சாதனை விருதுக்கு அவரைச் சிபாரிசு செய்யும் கடிதம் இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா இப்படி ஒரு புகார் வரவேண்டும்?

"இதெல்லாம் நான் எழுதினதுதான்" என்றார் செல்லம்மா.

இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சொல்லுவார், இரண்டு வார்த்தை எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார் பாவம்.

விஷயம் இதுதான். பத்திரிகைக்கு யார் கட்டுரை அனுப்பினாலும், அதே துறையில் இருக்கும் ஒருவர் தன் பெயர் வெளியே தெரியாமல் அதைப் படித்துப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்று சொல்லவேண்டும். செல்லம்மாவிடம் அப்படிப் போன கட்டுரைகளில் இருபத்து மூன்றுக்கு, "இந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டவும்" என்று எழுதியிருந்தார். இருபத்து மூன்றிலும் அவர் காட்டச் சொன்னது ஒரே கட்டுரை.

"நீங்க சொன்னா அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியுமா?" ஆசிரியர் விடுவதாக இல்லை. "பேப்பர் வந்தாப் போதும்னு எல்லாரும் தலையாட்டிட்டாங்க. எட்டுப் பேர்கூடக் காட்டாத பேப்பர், நாலே வருஷத்துல நாற்பத்தொண்ணுக்குப் போயிடுச்சு."

"அவ்வளவுதானா?" என்றார் செல்லம்மா. அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

ஆசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. எண்ணிக்கை விஷயத்தில் அவரிடம் யாரும் விளையாடக் கூடாது. எந்தக் கட்டுரையை எத்தனை பேர் காட்டினார்கள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

"உங்களுக்கென்ன மேடம் குறைச்சல்?" இயக்குநர் இடையில் புகுந்தார். "செல் எப்ப ரெண்டாப் பிரியணும்னு முடிவு பண்றது எந்தப் புரதம்னு நீங்க எழுதின பேப்பர் ஒண்ணையே ரெண்டாயிரத்து நூத்து நாப்பது பேர் காட்டியிருக்காங்க. இந்த விருதுக் கடிதத்துல முதல் வரியே அதுதான். இந்தச் சின்ன வேலை உங்களுக்குத் தேவையா?"

"எனக்குத் தேவைதான், சார்."

"அந்தப் பேப்பரை எழுதினது யாருன்னு பார்த்தேன்" என்றார் ஆசிரியர். "உங்க பழைய மாணவி."

"ஆமா."

"உங்ககூட சண்டை போட்டுக்கிட்டுப் போனாளே, அவதானே?" இயக்குநருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஆய்வகத்துக் கதவு அறைந்த சத்தம் மாடிவரை கேட்டதாம்.

"அவதான். தப்பு என்மேல. அவ சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காம, நுண்ணோக்கியில உட்காரவே தெரியாதுன்னு எல்லார் முன்னாலயும் திட்டிட்டேன். இப்ப ஒரு சின்னக் காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டு இருக்கா."

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது செல்லம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. இயக்குநருக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் நாற்காலி என்று ஒன்று இருக்கிறதே.

"திட்டினதுக்குப் பரிகாரமா இது? வீட்டுக்குப் போய் ஒரு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுபோச்சு. அடுத்தவங்க பேப்பர்ல வலுக்கட்டாயமா அவ பேரை நுழைச்சா, ஊர் என்ன சொல்லும்? சொந்த மாணவிக்குச் சலுகை காட்டறாங்கன்னு சொல்லாதா?"

"மன்னிப்பு அப்பவே கேட்டுட்டேன் சார். அது எங்க ரெண்டு பேர் விஷயம். இது வேற."

"என்ன வேற?" ஆசிரியர் பொறுமை இழந்தார். "இதோ பாருங்க, பேச்சை வளர்க்க வேண்டாம். இனிமே இப்படி எழுத மாட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. விருதும் தப்பிக்கும், உங்க பேரும் தப்பிக்கும்."

அவர் நீட்டிய தாளைச் செல்லம்மா வாங்கவில்லை.

"அடுத்து எங்கிட்ட வர்ற பேப்பருக்கும் அதையேதான் எழுதுவேன். அவங்க அதைக் காட்டாம விடக் கூடாது. விட்டா, பழசையே நம்பி இன்னும் பத்துப் பசங்க பத்து வருஷத்தைத் தொலைப்பாங்க. முதல்ல உங்க பத்திரிகைக்குத்தானே மூணு கடிதம் போட்டேன், ஒரு திருத்தம் போடுங்கன்னு? ஒண்ணுக்கும் பதில் இல்லையே."

"என்ன திருத்தம்?"

செல்லம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"நீங்க அவ பேப்பரைப் படிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க?"

இயக்குநர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் தாள்களைப் பார்த்தார். எத்தனை பேர் காட்டினார்கள், எந்த மாதம் காட்டினார்கள், யார் சொல்லிக் காட்டினார்கள், எல்லாம் இருந்தது. கட்டுரை மட்டும் இல்லை.

அசட்டுச் சிரிப்போடு இயக்குநர் தன் கணினியில் அதைத் தேடித் திறந்தார். ஆசிரியரும் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இரண்டு பேரும் முதல் வரியைப் படித்தார்கள்.

'செல் பிரிவதை முடிவு செய்வது இந்தப் புரதம்தான் என்று என் பேராசிரியை கண்டதாகச் சொன்னதும், இரண்டாயிரம் பேர் நம்பி மேற்கோள் காட்டியதும் முழுத் தவறு.'