கடைசிக்கு முந்தின பிள்ளை

கடல் ஊருக்குள் வந்து போய் மூன்று வாரமாகிறது. களுவாஞ்சிக்குடி முகாமின் வேப்பமரத்தடியில் கேதீஸ்வரி டீச்சர் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். கரும்பலகையில் வெயில் இலை இலையாக ஆடுகிறது. கடைசிப் பிள்ளை ‘லாஸ்ட்’, அதற்கு முந்தினது ‘செகண்ட் லாஸ்ட்’, அதற்கும் முந்தினது ‘தேர்ட் லாஸ்ட்’. வீட்டில் யார் எத்தனையாவது என்று கேட்ட பிறகுதான், இங்கே கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்பது அவளுக்கு உறைக்கிறது. அதற்குள் விதுர்ஷா எழும்பிவிடுகிறாள்.

“செகண்ட் லாஸ்ட், டீச்சர்.”

“பொய்! தம்பியத்தான் கடல் கொண்டு போயிற்றே. இப்ப நீதான்டி லாஸ்ட்,” என்கிறான் பின்னாலிருந்து டிலக்சன்.

விதுர்ஷா திரும்பிப் பார்க்கவில்லை. பாவாடை ஓரத்தை விரலில் சுற்றுகிறாள். “அவன இன்னும் கண்டெடுக்கல்லதானே. அம்மா கிரியை ஒண்டும் செய்யல்ல. அவனுக்கும் சேத்துத்தான் சோத்துப் பார்சல் வாங்குறா.”

டிலக்சனோடு சேர்ந்து சிரித்த பிள்ளைகள் அடங்குகிறார்கள். களப்புத் தண்ணீர்மேல் வரும் காற்றில் கூடாரத் துணி படபடக்கிறது. நேற்று விதுர்ஷாவின் தாய் கேதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலா டீச்சர். வெள்ளிக்கிழமை கிரியை செய்யப் போறம். புள்ளைக்கு நீங்கதான் சொல்லோணும்,” என்று அழுதிருந்தாள்.

விதுர்ஷா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

“சரிதான் புள்ள,” என்கிறாள் கேதீஸ்வரி. “செகண்ட் லாஸ்ட்தான். இரி.”