எண்ணெய்ச் சட்டி வழக்கு

“மொதல்ல இதச் சாப்பிடுங்க. பொறவு சொல்லுதேன்” என்று நாகஜோதி பால்கோவாப் பொட்டலத்தை நீட்டியதும் பாண்டிதுரைக்குப் பகீரென்றது. தோற்றுப்போன வழக்குக்கு யாராவது இனிப்பு வாங்குவார்களா? கவலையில் புத்தி கித்தி பிசகிவிட்டதோ என்று பெண்டாட்டியின் முகத்தையே பார்த்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் அவன் லோடு ஆட்டோவை நிறுத்தியபோது மணி ஒன்றரை. ராஜபாளையத்திலிருந்து பத்து மணிக்கே வந்திருக்க வேண்டியவன். மில்லில் நூல் மூட்டை இறக்க ஆளில்லாமல் மாட்டிக்கொண்டான். வழியெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போன வாய்தாவில் வாங்கிய அடி அப்படி.

விஷயம் இதுதான். போன பங்குனியில் காளிராஜ் டீக்கடை வாசலில் நாகஜோதி வடை வாங்க நின்றாள். அந்தக் கடை அடுப்புக்கு ஒரு கால் உடைந்து மூன்று மாசம். செங்கலை முட்டுக்கொடுத்தே காலத்தை ஓட்டினார் காளிராஜ். மாற்றச் சொல்லாத ஆளில்லை. பார்த்துக்கிடலாம், பார்த்துக்கிடலாம் என்பார். மனுஷன் பார்த்துக்கொண்ட லட்சணம், ஒருநாள் செங்கல் நழுவி, கொதிக்கிற எண்ணெய் மொத்தமும் நாகஜோதியின் வலது பாதத்தில் கொட்டியது.

புண் ஆறிவிட்டது. ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மதுரையில் ஆபரேஷன் பண்ணிப் பிரித்தால்தான் மறுபடி மில்லில் நின்று வேலை பார்க்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஆட்டோவை விற்றாலும் காணாது. காளிராஜோ தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வேறு வழியில்லாமல்தான் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

போன வாய்தாவில் காளிராஜ் தரப்பு வக்கீல் கௌதம்ராஜ் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். மதுரையிலிருந்து வந்த பெரிய வக்கீல். போட்டோவில் நாகஜோதி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு காளிராஜின் தெருக் கோயிலில் பூக்குழி இறங்குகிறாள். பூக்குழி ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் கொட்டியது அதற்கடுத்த புதன்கிழமை. மருந்துக்கடைக் களிம்பைத் தடவிச் சமாளித்துப் பார்த்துவிட்டு, இவள் ஆஸ்பத்திரிக்குப் போனது வெள்ளிக்கிழமை. சீட்டில் தீக்காயம் என்று மட்டும் எழுதியிருந்தது. நெருப்பில் இறங்கிக் காலைச் சுட்டுக்கொண்டு, பழியைக் கடைக்காரர் தலையில் கட்டுகிறாள் என்று கௌதம்ராஜ் அடித்துப் பேசினார். பூக்குழி இறங்கினாயா என்று கேட்டதற்கு, இவளும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

இவர்கள் பக்கத்து வக்கீல் வைஜயந்தியம்மா வாயையே திறக்கவில்லை. ஊர் திரும்புகிற பஸ்ஸில் பாண்டிதுரை அந்த அம்மாவைத் திட்டாத திட்டில்லை.

“சமரசமாப் போயிருச்சுங்க” என்றாள் நாகஜோதி. “ஆபரேஷன் செலவு அம்புட்டையும் குடுக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாவ. வேலைக்குப் போகாத மாசத்துக்கும் சேத்து.”

பாண்டிதுரை அப்படியே கோர்ட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கண் கலங்கியதை மறைக்கப் பால்கோவாவை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூச்சு சீரானதும் அவனுக்குச் சந்தேகம் தட்டியது. இது எப்படி நடந்தது? எண்ணெய் கொட்டியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் காளிராஜின் தெருக்காரர்கள். அதில் எவனாவது மனசு மாறி வந்தானா என்று கேட்டான். இல்லை என்றாள். டாக்டர் வந்து சொன்னாரா? அவரும் வரவில்லை.

“காளிராஜேதான் சொன்னாவ.”

“ஏட்டி, வெளையாடாத.”

நாகஜோதி நடந்ததைச் சொன்னாள். இன்றைக்குக் கூண்டேறியது காளிராஜ். அவருக்குத் தெம்பு கொடுக்கத் தெருக்காரர்கள் இருபது பேர் வேன் பிடித்து வந்து பெஞ்சை நிறைத்துவிட்டார்கள். வைஜயந்தியம்மா எழுந்து அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை, செங்கலைப் பற்றிக் கேட்கவில்லை. எண்ணெய் என்ற பேச்சே எடுக்கவில்லை. போச்சு, இன்றோடு நம் கதை முடிந்தது என்றே நாகஜோதி நினைத்தாளாம்.

“ரெண்டே ரெண்டு கேள்விதாங்க கேட்டாங்க. ஒங்க கோயில்ல பூ வளர்க்கது யாருன்னு மொதக் கேள்வி.”

குழியில் கட்டை கட்டையாக விறகை எரித்துக் கங்காக்குவதைத்தான் அங்கே பூ வளர்ப்பது என்பார்கள். விரதமிருந்து அதைச் செய்கிறவருக்கு ஊரில் தனி மரியாதை. அவர் விரதம் சுத்தமாக இருந்தால் இறங்குகிற யார் காலும் சுடாது என்பது நம்பிக்கை.

“அதக் கேட்டதும் காளிராஜுக்கு நெஞ்சு நிமுந்துருச்சு. எங்கப்பாவுக்குப் பொறவு இருவத்திரெண்டு வருசமா நாந்தான் வளர்க்கேன்னாவ.”

“ரெண்டாவது என்ன கேட்டாங்க?”

“நீங்க வளர்த்த பூவுல இதுவரைக்கும் எத்தன பேர் காலு வெந்திருக்குன்னு கேட்டாங்க.”

பாண்டிதுரை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

“அந்த மதுர வக்கீலு கண்ணக் காட்டுதாரு, இருமுதாரு. காளிராஜ் அவரப் பாக்கவே இல்ல. திரும்பித் தெருக்காரவுகளப் பாத்தாவ. இருவது பேரும் அவிய மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்காக. பொறவு ஜட்ஜய்யாவக் கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னாவ: ‘நான் வளர்த்த பூவுல ஒருத்தர் காலுலயும் ஒத்தக் கொப்புளம் வந்ததில்லைங்கய்யா. இந்தப் புள்ள கால வேகவச்சது எங் கடை எண்ணெய்தான்.’”