வழுக்கைத் தலைக்குக் குளிர் தொப்பி

“கழட்டும்மா இதை! முடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!”

ஆஃப்கே கத்தியபோது குளிர் தொப்பியை மாட்டி நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி வலித்தது.

கீமோ ஏறும் நேரத்தில் தலைத்தோலைக் குளிர வைத்தால் முடி கொட்டுவது குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்து டொக்குமில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஆஃப்கே, தன் நோயைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் தன் தலையைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றால் அன்றைக்கே உயிர் போய்விடும் அவளுக்கு. அதற்காகத்தான் இந்தத் தொப்பி.

“முதல் கால் மணி நேரம்தாம்மா கஷ்டம். அப்புறம் மரத்துப் போயிடும்” என்றாள் நர்ஸ் வில்மா.

“அதுக்குள்ள நானே போயிடுவேன். கழட்டு!”

வில்மாவின் கை தொப்பியின் பட்டைக்குப் போய்விட்டது.

“என்ன அம்மணி, ஃப்ரீஸ்லாந்துக்காரங்க பனியிலயே பொறந்து வளர்ந்தவங்கன்னு சொல்றாங்க, எல்லாம் சும்மாவா?”

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். பெயர் ஹூப். கழுத்து வரை கம்பளி, தலையில் குல்லா. அவள் தொப்பியைக் குளிர வைக்கும் அதே மெஷினின் இன்னொரு தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“நான் தெக்கே, லிம்பர்க். எங்க ஊர்ல ரெண்டு பொட்டு பனி விழுந்தாலே லீவு விட்டுடுவோம். நானே மாட்டப் போறேன், பாருங்க.”

குல்லாவை எடுத்தார். ஆஃப்கே வாயைப் பிளந்தாள். அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை. இருபது வருஷத்து வழுக்கை, கழுவி வைத்த தட்டு மாதிரி மின்னியது. அதன் மேல் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“வில்மா, இந்த ஆளுக்கு எந்த முடியைக் காப்பாத்தப் போறீங்க?”

“அடுத்தவங்க விஷயத்தை நான் பேசக் கூடாதும்மா. சரி, உங்களுக்குக் கழட்டிடவா?”

“கையை எடு!”

அறுபத்து மூன்றாம் வருஷத்துப் பதினோரு ஊர் பனிச்சறுக்குப் பந்தயத்தில், கொலைக் குளிரில் இருநூறு கிலோமீட்டர் போய் முடித்தவர் அவளுடைய அப்பா. அவர் பெண் ஒரு லிம்பர்க்காரனிடம், அதுவும் ஒரு வழுக்கையிடம் தோற்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் ஹூப் தொப்பியைக் கழற்றினார். “நம்மால ஆகாது சாமி. நீங்க ஜெயிச்சிட்டீங்க அம்மணி” என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

மிச்ச மூன்று மணி நேரமும் ஆஃப்கே மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை இதே கூத்து. மாவு பிசையும்போதே அவருக்கு என்ன பதில் கொடுப்பது என்று யோசித்து வைத்துக்கொள்வாள்.

“என்ன அம்மணி, இன்னிக்காவது அழுவீங்களா?”

“உங்க மண்டையில முடி மொளைக்கட்டும், அன்னிக்கு அழறேன்!”

ஆறு தடவையும் அவளே ஜெயித்தாள். கால்வாசி முடி கொட்டியது. பின்னல் இளைத்தது, ஆனால் பின்னல் பின்னலாகவே இருந்தது. கடையில் ஒருவர்கூட ‘ஐயோ பாவம்’ சொல்லவில்லை.

கடைசி நாள், புறப்படும்போது வில்மாவிடம் ஒரு புகார் கடிதத்தை நீட்டினாள். ‘யாரோ ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய தொப்பியை, முடியே இல்லாத ஒரு மனிதர் ஆறு முறை வீணாக்கினார்.’

வில்மா படித்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதக் கட்டின் மேல் வைத்தாள். “இது பதினோராவது.”

“பதினோரு பேர் எழுதியுமா அந்த ஆளை விட்டு வெச்சிருக்கீங்க?”

“அவர் நோயாளியே இல்லம்மா. அவர் மனைவி இதே நாற்காலியில அஞ்சாவது நிமிஷம் தொப்பியைக் கழட்டிட்டாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் கண்ணாடி பக்கமே போகலையாம். இப்ப ரெண்டாவது தொப்பி காலியா இருக்கற அன்னிக்கு மட்டும் கூப்பிடுவோம், வருவார். அந்தக் கால் மணி நேரம் கோபத்துல இருக்கறவங்களுக்கு வலி தெரியாதுங்கறது அவர் கட்சி. இதுல எழுதின பதினோரு பேரும் தொப்பியைக் கழட்டலை.”

ஆஃப்கேவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கையில் ஒரு நாளும் ஊசி இல்லை, பக்கத்தில் மருந்து பாட்டிலும் தொங்கியதில்லை. கோபத்தில் அவள் எங்கே அதைப் பார்த்தாள்? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆறு தடவையில் இதுதான் முதல் அழுகை, அதைப் பார்க்க அந்த மனிதர் அங்கே இல்லை.

அடுத்த பிப்ரவரியில் ஹூப் திருவிழாவுக்கு லிம்பர்க் போயிருந்தார். அதே நாற்காலியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து குடிவந்த காரின் என்ற பெண், “கழட்டுங்க, செத்துடுவேன்!” என்று அலறிக்கொண்டிருந்தாள்.

“ஆம்ஸ்டர்டாம்காரங்களுக்கு வாய்தான் பெருசுன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றது பக்கத்து நாற்காலி. “நாங்க ஃப்ரீஸ்லாந்து. எங்களுக்கு இதெல்லாம் ஐஸ்கிரீம் சாப்பிடற மாதிரி.”

காரின் திரும்பி முறைத்தாள். “உங்களைவிட ஒரு நிமிஷமாவது அதிகமா உட்கார்றேனா இல்லையா, பாருங்க!”

சரியாக அரை மணி நேரம். ஆஃப்கே தொப்பியைக் கழற்றினாள். இடுப்பு வரை பின்னல் விழுந்தது. கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டாள்.

“என்னால ஆகாதும்மா, நீங்களே ஜெயிச்சீங்க. எங்க பரம்பரைக்கே குளிர்னா பயம். எங்கப்பா ஜனவரி வந்தா வீட்டை விட்டே வெளிய வர மாட்டார்.”