பதினான்கு மில்லிமீட்டர்

"இதைவிட அகலமா ஏதாவது இருக்கா அண்ணே?"

பெய்ஷான் இதைக் கேட்பது மூன்றாவது முறை. கடைக்காரர் ஜியன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

தைப்பேயின் கேமரா தெருவில் இருக்கும் அவருடைய கடைக்கு அவள் பதினேழு வருடமாக வருகிறாள். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது தொழில். முதல் கேமராவிலிருந்து இப்போது கழுத்தில் தொங்கும் மிரர்லெஸ் கேமரா வரை எல்லாமே இங்கே வாங்கியவைதான்.

எப்போது வந்தாலும் தூரத்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் லென்ஸைத்தான் கேட்பாள். இன்று கேட்பது நேர்மாறு: எண் குறையக் குறைய அதிக அகலத்தைக் காட்டும் லென்ஸ்.

"பதினாறு மில்லிமீட்டர் போதாதா? சின்னது, கனமில்ல. இதுக்கும் கீழ போனா ஓரத்துல நிக்கிறவங்க முகமெல்லாம் இழுத்துக்கும். பொண்ணோட சித்திங்க உன்னைச் சும்மா விடமாட்டாங்க."

"ஓரத்துல சித்திங்கள நிறுத்தமாட்டேன்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு மேசை விருந்து. இன்னும் இரண்டே நாள்.

போன மாதக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் அப்பா மதுக் கிண்ணத்தோடு பக்கவாட்டிலிருந்து வந்தார், படம் எடுக்கிறவளுக்கும் ஒரு வாய் கொடுக்க. அவர் வந்ததைக் கவனிக்காமல் அவள் சட்டென்று திரும்பினாள். கிண்ணத்தில் இடித்து, மது அவர் கோட்டில் கொட்டியது. மண்டபமே சிரித்தது. அவள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு மேசைகளுக்கு நடுவே அவளால் நடக்கவே முடியவில்லை. ஒரு தூணில் முதுகைச் சாய்த்தபடி மீதி விருந்தை எடுத்து முடித்தாள்.

"ஹெல்மெட்டக் காணோம். ஸ்கூட்டர்ல வரலையா?" ஜியன் அலமாரியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

விற்று நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பதினான்கிலிருந்து இருபத்து நான்கு வரை போகும் ஜூம். கையில் வாங்கியதும் மணிக்கட்டு தாழ்ந்தது. முன்பக்கக் கண்ணாடி தவளைக் கண்போல் வெளியே புடைத்திருந்தது.

"இதுக்கு மேல பாதுகாப்புக் கண்ணாடி மாட்ட முடியாது. எங்கயாவது இடிச்சா அவ்வளவுதான். பாத்து நடக்கணும்."

அவள் லென்ஸை மாட்டிக்கொண்டு, மேசை விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே வாசல்வரை போனாள்.

வெளியே மழை விட்டிருந்தது. கேமராவைக் கண்ணோடு ஒட்டிவைக்காமல், கையை முழுதாக நீட்டி, பின்பக்கத் திரையைப் பார்த்தாள்.

"என்ன, டூரிஸ்ட் மாதிரி எடுக்க ஆரம்பிச்சுட்ட?" உள்ளேயிருந்து ஜியனின் குரல்.

இருபத்து நான்கில் எதிர்ப்புற மருந்துக்கடை மட்டும் தெரிந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினாள். மருந்துக்கடை சுருங்கியது. பக்கத்துத் தேநீர்க் கடை உள்ளே வந்தது. பிறகு வரிசையாக நின்ற ஸ்கூட்டர்கள், பேருந்து நிறுத்தம், அங்கே குடையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண்.

பதினான்கில் தெருவின் இந்த முனையும் அந்த முனையும் உள்ளங்கை அளவுத் திரைக்குள் ஒன்றாக இருந்தன.

அவள் படம் எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பி வந்து, "இதையே எடுத்துக்கறேன்" என்றாள்.

ஜியன் ரசீது எழுதினார். அவள் கேமராவைப் பைக்குள் வைத்தாள். பட்டையைச் சரிசெய்தாள். ஜிப்பை இழுத்தாள். கடையில் சத்தமே இல்லை. ரசீது கிழிபடும் ஓசை எப்போதோ கேட்டதே என்று நினைத்தாள்.

அப்போது ரசீதைப் பிடித்த அவர் கை, வலப்பக்கமிருந்து மிக மெதுவாக நகர்ந்து அவள் முகத்துக்கு நேரே வந்தது.

எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாங்கிக்கொண்டாள். ரசீதை நான்காக மடித்தாள். இந்தத் தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி. தெரிந்துவிட்டால் ஒரு மண்டபத்திலிருந்தும் அழைப்பு வராது.

பார்வையின் அகலம் பத்து டிகிரிதான் என்று மருத்துவர் மார்ச் மாதம் சொல்லியிருந்தார். நேரே இருப்பது துல்லியமாகத் தெரியும். அதைச் சுற்றி ஒன்றுமில்லை, குழாய் வழியே பார்ப்பதுபோல. குழாய் இன்னும் குறுகும் என்றும் சொல்லியிருந்தார். கையை நீட்டிப் பிடித்தால் கேமராவின் திரை அந்தப் பத்து டிகிரிக்குள் சரியாக அடங்கும் என்று கண்டுபிடித்தது அவளேதான். உலகத்தை அந்தத் திரைக்குள் அடக்க ஒரு லென்ஸ்தான் தேவைப்பட்டது.

ஜியன் கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்தார். அவளுக்கு முன்னால் வாசலை நோக்கி நடந்தார். தரையில் கிடந்த கேமரா முக்காலிப் பெட்டிகளை அவர் காலால் ஓரம் தள்ளுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"ஞாயித்துக்கிழமை விருந்து எத்தனை மணிக்கு?" என்றார், திரும்பாமலே.

"பன்னெண்டுக்கு."

"கடைய என் மச்சான் பாத்துப்பான். பைய நான் தூக்கறேன்." இப்போது திரும்பினார். "எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

கேள்வி அவளுக்கு முழுதாகப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"ரெண்டு பக்கமும் போயிடுச்சு அண்ணே."

வாய்விட்டு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"சரி. அப்ப முதுகுக்குப் பின்னாடி நிக்கறேன். எந்தத் தோளத் தட்டறேனோ, அந்தப் பக்கம் திரும்பு."