பளபளத்த கேரட்

வாணலியில் ஒரு கேரட் துண்டு விருந்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சாம்பாரிலும் பொரியலிலும் முகம் தெரியாமல் போன பரம்பரை அதனுடையது. இன்றைக்கோ வெண்ணெய், வெல்லம் என்று ஏக உபசாரம். விருந்தாளி ருசித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் அதற்கு ஆசை.

ஆனால் வேக வைக்க ஊற்றிய தண்ணீர் வாணலியை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை.

"நீ போனால்தானே பாகு என்மேல் ஒட்டும், நான் பளபளப்பேன். சீக்கிரம் கிளம்பு," என்றது கேரட்.

"உள்ளே இன்னும் வேகலையே கண்ணு. பத்து நிமிஷம் பொறு."

"உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்? உனக்குப் பொறாமை."

தண்ணீருக்கு ரோஷம் வந்துவிட்டது. மளமளவென்று ஆவியாகி ஜன்னல் வழியே போய்விட்டது.

கேரட் கண்ணாடி மாதிரி மின்னியது. விருந்தாளி முதலில் அதைத்தான் எடுத்தார். கடிக்கப் பார்த்தார், பல் இறங்கவில்லை. வீட்டுக்காரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அதை நாசூக்காகத் தட்டோரம் ஒதுக்கினார்.

அங்கே ரசத்திலிருந்து வந்த கறிவேப்பிலை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"பார்த்தாயா, இவ்வளவு அழகைத் தின்ன அவருக்கு மனசே வரவில்லை," என்றது கேரட்.

"ஆமாம்மா," என்றது கறிவேப்பிலை. "எனக்கும் தினம் இதே மரியாதைதான். கொஞ்சம் தள்ளி உட்காரு."