கவர்னர் படுத்த கட்டில்

“ஐயையோ, ஹேமா! பவுனு கட்டில்ல ஏறிப் படுத்துருக்கு!”

கூட வந்தவள் போட்ட கூச்சலில் ஹேமாவதி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள். வீட்டுக் கட்டிலா அது? கலெக்டர் பங்களாவின் விருந்தினர் அறைக் கட்டில். சுற்றிலும் கயிறு கட்டி ‘தொடாதீர்கள்’ என்று அட்டை வேறு தொங்கவிட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், கொசுவலைக்குள் பவுனு வாயை லேசாகத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரத் துரைகள் முகாம் போடக் கட்டிய அந்தப் பங்களாவுக்கு நூறு வயதாகிவிட்டதாம். அதற்காக ஒரு நாள் மட்டும் ஊர்ச் சனங்கள் உள்ளே வந்து பார்க்கலாம் என்று கலெக்டரம்மா கதவைத் திறந்துவிட்டிருந்தார். அனுமந்தன்பட்டி மகளிர் குழு வேன் பிடித்துத் தேனிக்கு வந்துவிட்டது.

வந்தது பங்களாவைப் பார்க்க மட்டுமல்ல. சாயங்காலம் கலெக்டரம்மா எல்லோரிடமும் பேசுவார். அவரிடம் கொடுக்க ஒரு மனு இருந்தது. கடைமடை வயல்களுக்கு, கால்வாயில் முறைவைத்து விடும் முறைத்தண்ணீர் எப்போதும் நடுராத்திரியில்தான் வருகிறது. பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவில் வரப்பில் நின்று பாய்ச்ச வேண்டியிருக்கிறது. அதைப் பகலுக்கு மாற்றித்தர வேண்டும்.

பேசப் போகிறவள் பவுனு. குழுத் தலைவி என்னவோ ஹேமாவதிதான். ஆனால் அதிகாரி என்றாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காலையில் வேனிலேயே பவுனு தூங்கி வழிந்தாள். ஹேமாவதி சும்மா விடவில்லை.

“ராத்திரி முறைத்தண்ணிக்கு நீங்க மட்டுமா போனீக, மதினி? எங்க வீட்டுக்காரரும்தான் விடிய விடிய நின்னாக. இப்படியா சாமியாடுறாக?”

பவுனு சிரித்துக்கொண்டே மறுபடியும் ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.

பங்களாவும் ஒரு தினுசாகத்தான் இருந்தது. வெயில் வாசலோடு நின்றுகொண்டது. உசரக் கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கிய காத்தாடி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. ஜன்னலுக்கு ஜன்னல் மலை. சொப்பனத்துக்குள் நடக்கிற மாதிரி ஒருத்தி சேலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பங்களாவைச் சுற்றிக் காட்டியவர் காவலாளி ராக்கையா.

“இங்கனதான் வெள்ளைக்காரத் தொரை உக்காந்து வரிக் கணக்குப் பாப்பாகளாம். அங்கன தெரியுதே, அது ஈட்டி மரத்துக் கட்டிலு. கவர்னர் வந்தா இதுலதான் படுப்பாக.”

“நல்லாத் தூங்குவாகளா, அண்ணே?” என்று கேட்டாள் பவுனு.

“எங்கிட்டு ஆத்தா! தொரை, ஆத்துல வெள்ளம் வந்துருமோன்னு வராந்தாவுல நடந்துக்கிட்டே இருப்பாகளாம். ஒரு கவர்னரு விடிய விடிய போன்ல பேசுனாக. பெரிய பெரிய ஆளெல்லாம் புரண்டு புரண்டு படுத்த கட்டிலு இது.”

“பாவம்” என்றாள் பவுனு. கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போனபோது அவள் போகவில்லை.

இப்போது இந்தக் கோலம்!

“எழுப்பாதீக ஆத்தா” என்று ராக்கையா குறுக்கே வந்தார். “எனக்கு வெவரம் தெரிஞ்சு, இதுல ஒருத்தர் அசந்து தூங்கி இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“உங்களுக்கென்ன அண்ணே! மானம் போறது எங்களுக்குல்ல? ஊரே நம்பி அனுப்பியிருக்கு. இந்த மதினிக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா பாருங்க!”

கொசுவலையைத் தூக்கி, பவுனின் தோளை உலுக்கக் கையை நீட்டினாள் ஹேமாவதி. இடுப்பில் செல்போன் அடித்தது. வீட்டுக்காரர் சுருளியாண்டி.

“ஏ ஹேமா, கோவப்படாத. ராத்திரி நான் தண்ணி பாச்சல.”

“என்ன சொல்றீக? பாச்சிட்டேன்னுதான சொன்னீக?”

“மோட்டார் ரூம்ல செத்த சாஞ்சேன். அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா விடிஞ்சுருச்சு. நீ வஞ்சு தீத்துருவேன்னு வயலைக்கூடப் பாக்காம வந்து பொய் சொல்லிட்டேன்.”

“அடப் பாவி மனுசா! பயிரு காஞ்சுபோச்சே! அடுத்த முறை எப்ப வருமோ!”

“காயலடி. மனசு கேக்காம இப்பத்தான் வந்தேன். வயலு தெப்பமா நெறஞ்சு கெடக்கு.”

“யாரு பாச்சுனது?”

“பக்கத்து வயக்காரிதான். நம்ம பவுனு. தன் வயல முடிச்சுட்டு, நம்ம வயலுக்கும் மடையத் தெறந்துவிட்டு விடியுமட்டும் நின்னுருக்கு. கால்வாய்க்கார முத்துப்பாண்டிதான் சொன்னாரு. ‘ஹேமாவுக்குத் தெரிய வேண்டாம், புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வந்துரும்’னு சொல்லிட்டுப் போச்சாம்.”

ஹேமாவதி போனைக் காதிலிருந்து எடுத்தாள். பவுனின் பாதங்கள் கொசுவலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விரல் இடுக்கெல்லாம் ஈரத்தில் வெளுத்து ஊறியிருந்தது.

“கலெக்டரம்மா வந்துட்டாக! மதினிய எழுப்பு, ஹேமா! யாரு பேசுறது?” என்று வெளியே பெண்கள் பதறினார்கள்.

ஹேமாவதி எழுப்பவில்லை. அந்தப் பாதங்களை மெல்ல உள்ளே தள்ளி, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

“யார் அது? கட்டில்ல யார் படுத்திருக்கறது?” கலெக்டரம்மாவின் குரல் கூரைவரை போய் முட்டியது.

ஹேமாவதி கயிற்றைத் தாண்டி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்கம்மா. எங்க மனு தூங்குது.”